அக்சிலியா மிதிக்க மாட்டாள்

அக்சிலியா பிறந்தபோது முதலில் வெளியே வந்தது அவளுடைய இடது கால். அடுத்தது வலது கால். தலையைப் பற்றி அவளுக்கு எந்த அவசரமும் இருக்கவில்லை. "நடந்தே வந்துட்டா பாரு" என்று பிரசவ வார்டு நர்ஸ் சொன்னாளாம். அந்தப் பேச்சு கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு வந்து சேர்வதற்குள் நன்றாக வளர்ந்து, பிள்ளை தானே நடந்துபோய்த் தொட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டது என்று ஆகியிருந்தது.

கால் முந்திப் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு விட்டுப்போகும் என்பது நம் பக்கத்தில் எல்லோரும் அறிந்த சங்கதி. சாதி மதம் பார்க்காத வைத்தியம் அது. குறுக்குப் பிடித்தவர் குப்புறப் படுக்க வேண்டும். கால் முந்திப் பிறந்தவர் மூன்று தரம் மிதிக்க வேண்டும். மிதிபட்டவர் எழுந்து திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். அவ்வளவுதான்.

அவளுடைய அப்பா உபகாரசாமிக்கு ஏற்காடு மலைச்சாலை தரையைத் தொடும் இடத்தில் பஞ்சர் கடை. இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஸ்டியரிங்கைத் திருகித் திருகி இறங்கி வரும் டிரைவர்களுக்கு முதுகு என்று ஒன்று மிச்சமிருந்தால் அதிசயம். உபகாரசாமி டியூபுக்கு ஒட்டுப் போடுவார். அதற்குள் மகள் டிரைவரின் முதுகில் ஏறி இறங்கிவிடுவாள். நான்கு வயதில் தொடங்கியது இது. பதினோரு வருடமாக அரிவாள் மாதிரி வளைந்து கிடந்த ஒருவர் அவள் மிதித்த மிதியில் ஒரேயடியாக நிமிர்ந்து, தன் லாரிக்குள் தலை இடிக்கிறதென்று உயரமான லாரிக்கு மாறிக்கொண்டார் என்பார்கள். லாரி மாறியது உண்மை. மற்றதை அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பங்குச் சாமியார் மூடநம்பிக்கையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். திங்கட்கிழமை கழுத்தைத் திருப்ப முடியாமல் பஞ்சர் கடையின் பின்வாசல் வழியாக வந்தார். பிள்ளை அவரையும் மிதித்தாள். அடுத்த ஞாயிறு அவர் பொறுமையைப் பற்றிப் பேசினார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் யாராவது ஒருவர் அவளுக்காகக் கடையில் படுத்திருப்பார். பதினாறு வயது வரை அவள் தனியாக இருந்த இடம் பரீட்சை ஹால் ஒன்றுதான்.

பதினாறில் அது நின்றது. செங்கோடன் என்ற டிரைவர், கடைக்கு வாடிக்கையாளர், பிள்ளையைத் தோளில் தூக்கி வளர்த்தவர், ஒரு நாள் வந்து படுத்தார். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த வேகத்தில் ஷூவைக்கூடக் கழற்றாமல் ஒரு மிதி மிதித்தாள். இரண்டாவது மிதிக்கு அவர் அலறிய அலறலில் மலையிலிருந்த குரங்குகள் இறங்கி வந்து எட்டிப் பார்த்தன. அவரால் எழ முடியவில்லை.

"யார் மிதிச்சது?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

"யாரும் மிதிக்கலைங்க. தானா விழுந்துட்டாருங்க" என்றார் உபகாரசாமி.

டாக்டர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. செங்கோடனின் சட்டையில் பதிந்திருந்த ஷூத் தடத்தைப் பார்த்தார். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த சீருடைப் பெண்ணின் காலைப் பார்த்தார். "ஏற்கெனவே தண்டுவடத்துச் சவ்வு பிதுங்கியிருக்கு. இன்னொரு மிதி விழுந்திருந்தா ரெண்டு காலும் போயிருக்கும்" என்றார். அதைச் செங்கோடனிடம் சொல்வது போலத்தான் சொன்னார்.

ஐந்து மாதம் கழித்துச் செங்கோடன் ஊன்றுகோலோடு கடைக்கு வந்தார். அவருக்குக் கோபமே இல்லை. "மூணாவது மிதிய நிறுத்திட்ட பாரு பாப்பா, அதுதான் தப்பாப் போச்சு. முழுசா மிதிச்சிருந்தா அன்னைக்கே எழுந்திருச்சிருப்பேன்" என்றார். மன்னிப்புக் கேட்க வந்தவள் அவருக்குப் பெஞ்சைத் துடைத்துப் போட்டாள்.

அதன் பிறகு அவள் யாரையும் மிதிக்கவில்லை. படுத்தவர்கள் கொஞ்ச நேரம் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். "படிச்சுட்டா கால்ல ஒட்டுனது தலைக்கு ஏறிடும்" என்றார்கள். ஒரு வருடத்தில் கடைப் பெஞ்சு காலியாகிவிட்டது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே கோழிப்பண்ணைகளைத் தாண்டி இருக்கும் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். படிப்பு விளையாட்டுக் காயப் பராமரிப்பு, மூன்று வருடம். அவளுடைய அம்மா செல்வமேரிக்கு அதை உறவுக்காரர்களிடம் விளக்கி மாளவில்லை.

"டாக்டர் படிப்பா?"

"இல்லைங்க."

"நர்ஸா?"

"இல்லை. விளையாடுறவங்க விழுந்தா முதல்ல ஓடிப்போய்ப் பார்க்கிற வேலை."

"அதுக்கு எதுக்கு மேரி மூணு வருசம்? நாங்கெல்லாம் படிக்காமலே ஓடுறோமே?"

வகுப்பில் சேர்ந்தது நான்கு பேர். ஒருத்தி முதல் மாதமே நர்சிங்குக்கு மாறினாள். இன்னொருத்திக்குக் கல்யாணம் ஆனது. மூன்றாவது ஆள் எங்கே போனான் என்று அவன் வீட்டாரே கல்லூரிக்கு வந்து விசாரித்தார்கள். கடைசியில் அக்சிலியா மட்டும் மிஞ்சினாள். இந்தப் பெண் முடித்ததும் படிப்பையே மூடிவிடுவது என்று நிர்வாகம் முடிவு செய்தது.

பிரபாகர் சார் முறை தவறாதவர். தினமும் பதிவேட்டைத் திறந்து, "அக்சிலியா" என்று கூப்பிடுவார். மூன்றடி தள்ளி உட்கார்ந்திருப்பவள் "உள்ளேன் சார்" என்பாள். அவர் தலை நிமிர்ந்து யார் என்று பார்த்துவிட்டுக் குறித்துக்கொள்வார். ஒரு நாள் அவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். வருகை சுத்தமாக இல்லை என்று பதிவேடு முதல்வர் அறைக்குப் போக, மாணவர்கள் வேலைநிறுத்தமா என்று விசாரிக்க ஆள் வந்துவிட்டது.

கணுக்காலுக்கு டேப் சுற்றிப் பழக ஒரு கணுக்கால் வேண்டும். விடுதி அறையிலிருந்த நர்சிங் பெண்கள் ஒருத்திக்கொருத்தி ரத்த அழுத்தம் பார்த்து, ஊசி குத்திச் சிரித்துப் பழகினார்கள். அவளுக்கு இருந்தது தன் கால்தான். சுளுக்கு என்பதையே அறியாத அந்த இடது கணுக்காலுக்கு இரண்டு வருடத்தில் சுற்றிய டேப்பை நீட்டிப் பிடித்தால் சங்ககிரி வரைக்கும் போகும். ஆய்வகத்து எலும்புக்கூட்டுக்கும் சுற்றினாள். அதற்கு இடது முழங்கால் சில்லைக் காணவில்லை. கேண்டீனில் சட்னிக் கிண்ணமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒரு பேச்சு உண்டு.

அந்தப் பக்கத்துப் பேச்சு வழக்கும் முதலில் அவளைத் தள்ளியே வைத்தது. விடுதிச் சமையலம்மா ஆராயி, "இன்னொரு கரண்டி போட்டுக்க சாமி" என்பாள். தன் மதத்தைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து, அக்சிலியா கழுத்துச் சிலுவையைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டாள். ஒரு வாரம் கழித்துக் கவனித்தால் ஆராயி விடுதி நாயையும் சாமி என்றுதான் கூப்பிட்டாள். அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மூன்றாம் வருடத்தில் ஒரு விதி. ஏதாவது ஒரு அணியோடு ஒரு சீசன் முழுக்க இருந்து காயங்களைப் பார்க்க வேண்டும். அணியின் பயிற்சியாளர் கையெழுத்துப் போட்டுக் கடிதம் தர வேண்டும். கோயம்புத்தூர்ப் பக்கம் பெண் பிள்ளைகளுக்கான விளையாட்டு அகாடமி ஒன்றில் ஆள் தேவை என்று பிரபாகர் சார் விசாரித்து வைத்திருந்தார். கடிதத்தோடு வந்தால் பார்க்கிறோம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். கடிதம் இல்லையென்றால் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. அடுத்த வருடம் வந்து எழுதிக்கொள்ளப் படிப்பே இருக்காது.

கல்லூரியில் சொல்லிக்கொள்ளும்படி இருந்தது பெண்கள் கபடி அணி ஒன்றுதான். பயிற்சியாளர் பாலசுந்தரம் முதலில் விரட்டிவிட்டார்.

"எங்களுக்கு எதுக்கு அம்மிணி காயம் பாக்கற ஆளு? காயமே படாம ஆடறதுக்குத்தான் நான் சொல்லிக் குடுக்கறேன்."

அடுத்த வாரம் அவரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏன் அம்மிணி, நீ கால் முந்திப் பொறந்த புள்ளையாமே? இத முன்னாடியே சொல்லறதில்ல? உங்கப்பா வந்து சொன்னாருங்காட்டி தெரிஞ்சுது. நாளையிலிருந்து கெரவுண்டுக்கு வந்துரு."

உபகாரசாமி மகளுக்குத் தெரியாமல் இரண்டு பஸ் மாறி வந்து சிபாரிசு செய்துவிட்டுப் போயிருந்தார். இனிமேல் மிதிப்பதில்லை சார் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த இடமும் போய்விடும். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

முதல் நாள் பன்னிரண்டு பெண்களும் வரிசையாகக் குப்புறப் படுத்திருந்தார்கள். நடுவில் ரஞ்சிதா. பரமத்தி வேலூர்க்காரி, அணியின் ரைடர், எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவள். அவள் ரைடுக்குப் போன வேகத்தில் யாரைத் தொட்டாள் என்று தெரியாமல் எதிரணியில் ஏழு பேரும் தாங்களாகவே வெளியே போய் நின்ற கதை ஒன்று அந்தப் பக்கத்தில் உண்டு.

"மல்லாந்து படுங்க. முட்டியை நெஞ்சுக்குக் கொண்டு வாங்க, மெதுவா" என்றாள் அக்சிலியா.

"ஏப்புள்ள, மிதிக்கச் சொன்னா செபம் சொல்லித் தர்ற?" என்றாள் ரஞ்சிதா. பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள்.

"மிதிச்சா கெட்டுப் போகும். தினமும் இதைச் செஞ்சா முதுகு பிடிக்காது."

"தெனமும் செய்யறதுக்கு எங்கூட்ல பாத்திரம் கெடக்குது. நீ மிதி."

அவள் மிதிக்கவில்லை. மூன்று நாள் படுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். அவள் தூக்கி வரும் ஐஸ் பெட்டியை வைத்து அவளுக்கு ஐஸ்பொட்டி என்று பெயர் வைத்தார்கள். பாலசுந்தரம் மட்டும் கவலைப்படவில்லை. "சாமி குடுத்தத கண்ட நாள்ல செலவு பண்ணப்படாது. பைனலுக்குன்னு வெச்சிருக்கறா. உடுங்க" என்றார்.

தினமும் மாலை ஐஸ் பெட்டியோடு களத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். ஆட்டம் முடிந்ததும் பெண்கள் தோளில் கை போட்டுக்கொண்டு கூட்டமாகப் போவார்கள். கரைந்த தண்ணீரை அங்கேயே கொட்டிவிட்டு இவள் போவாள். கொட்டிய இடத்தில் புல் முளைத்தது. அதை மேய ஒரு மேச்சேரி ஆடு வர ஆரம்பித்தது. அந்த சீசனில் அவளைத் தேடி வந்தது அது ஒன்றுதான். அதுவும் புல்லுக்காக.

ஒரே ஒரு முறை ரஞ்சிதா தானாக வந்து உட்கார்ந்தாள். காலையில் எழுந்ததும் இடது குதிகாலுக்கு மேலே நோவுது என்றாள். அக்சிலியா அழுத்திப் பார்த்தாள். நரம்பு தடித்திருந்தது.

"ரெண்டு வாரம் ஆடாதே."

"ரெண்டு வாரத்துல பைனலு."

"அதுக்குத்தான் சொல்றேன்."

"உன்னையக் கேட்டது என்ற தப்பு" என்று சொல்லிவிட்டு ரஞ்சிதா எழுந்து ஓடினாள். ஓடும்போதே அவள் இடது காலைக் கொஞ்சம் வெளியே போட்டு ஓடுவதை அக்சிலியா பார்த்தாள். பாலசுந்தரத்திடம் போய்ச் சொன்னாள். "அன்னைக்கு ஒரு மிதி போட்டுரு" என்றார் அவர்.

இறுதி ஆட்டம் பரமத்தி வேலூரிலேயே நடந்தது. வெற்றிலைக் கொடிக்காலிலும் வாழைத் தோப்பிலும் வேலையை அரை நாளோடு நிறுத்திவிட்டு ஜனம் வந்திருந்தது. முன் வரிசையில் ரஞ்சிதாவின் அப்பா கலையரசன், சலவைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். நான்கு நிமிடம் பாக்கி, மூன்று புள்ளி பின்னால். ரஞ்சிதா பாடிக்கொண்டு போனாள். மூலையில் காலை நீட்டினாள், பின்வாங்கினாள், மறுபடி பாய இடது காலை ஊன்றி உந்தினாள்.

டப் என்று ஒரு சத்தம். லாரி டயர் வெடித்தது மாதிரி என்று பிற்பாடு சொன்னார்கள். அப்படியெல்லாம் இல்லை. கொட்டைப் பாக்கு உடைகிற சத்தம்தான்.

விழுந்த ரஞ்சிதா திரும்பிப் பின்னால் பார்த்துக் கத்தினாள். "எவடி பொறத்தாண்ட வந்து ஒதச்சவ?"

எதிரணி மொத்தமும் அவளுக்கு முன்னால் நின்றது. பின்னால் இருந்தது வெறும் தரை. ஆனால் எங்கள் புள்ளையை உதைத்துவிட்டார்கள் என்று ஊர் எழுந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரே ஆள் நடுவர். ஆகவே உதைத்தது நடுவர்தான் என்று முடிவானது. ஒல்லியான மனிதர். அவர் விசிலைக் கடித்துக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்தார்.

அந்தக் கூச்சலில் அக்சிலியாவின் காதில் விழுந்தது ரஞ்சிதா சொன்ன அந்தச் சொல் மட்டும்தான். யாரும் உதைக்காமல் உதைத்த மாதிரி இருந்தால் குதிகால் நரம்பு, கெண்டைச் சதையைக் குதிகாலோடு கட்டியிருக்கும் அந்த நார், அறுந்திருக்கிறது என்று அர்த்தம். வகுப்பில் அவள் ஒருத்திக்காகவே சொல்லப்பட்ட பாடம். ஓடிப்போய்க் காலைப் பிடித்தாள். குதிகாலுக்கு மேலே ஒரு விரல் உள்ளே போகிற பள்ளம். வலது கெண்டைச் சதையைப் பிசைந்தாள், பாதம் தலையாட்டியது. இடதைப் பிசைந்தாள். பாதம் அசையவில்லை.

"சுளுக்குத்தான அம்மிணி?" என்று பாலசுந்தரம் வந்து நின்றார்.

"நரம்பு அறுந்திருக்குங்க சார். ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"அறுக்கறதுக்கு இங்க ஆரு கத்தி வெச்சிருந்தா? சுளுக்குத்தான். இதுக்குத்தான் ஒரு சீசனா உன்னையக் கூட்டிட்டுத் திரியறேன். மிதி."

"மாட்டேன் சார்."

"கால் முந்திப் பொறந்த புள்ளையா?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. அவ்வளவுதான், ஜனம் நடுவரை விட்டுவிட்டு இவளைச் சூழ்ந்துகொண்டது. "அட மிதி சாமி! எடம் உடுங்கப்பா, புள்ள மிதிக்கட்டும்!" பெரியவர்கள் செருப்பைக்கூடக் கழற்றி வைத்துவிட்டார்கள். ஐந்து வருடத்துக்குப் பிறகு அத்தனை பேர் அவளைச் சுற்றி நின்றார்கள்.

ரஞ்சிதா அவள் கையைப் பிடித்தாள். கண்ணில் தண்ணீர்.

"ஏப்புள்ள, கும்புட்டுக் கேக்கறேன். மூணே மிதி. எங்கப்பன் பாக்கறாரு. என்ற ஊருல என்னைய இப்பிடிப் படுக்க உடாத."

"மிதிச்சா ஒட்டிட்டு இருக்கிற நாரும் போயிடும் ரஞ்சிதா. அப்புறம் நீ ஆடவே முடியாது."

"ஆடாட்டிப் போறேன். இன்னைக்கு எந்திரிக்கோணும்."

அக்சிலியா கையை விடுவித்துக்கொண்டு ஐஸ் பெட்டியின் மூடியை முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்தாள். ரஞ்சிதாவின் பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டிப் பிடித்து, மூடித் துண்டுகளை இரண்டு பக்கமும் அணைத்து, டேப் சுற்ற ஆரம்பித்தாள்.

பாலசுந்தரம் பக்கத்தில் குனிந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"லெட்டரு வேணுமா, வேண்டாமா?"

அவள் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"உன்னையத்தான் கேக்கறேன்."

"வேணுங்க சார்" என்றாள். "அந்தக் கத்தரிக்கோலை எடுங்க."

அவர் எடுத்துக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் கொடுத்ததை உணர்ந்து முகம் கறுத்தது.

ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். அணி வேன் அவளை ஏற்றாமல் போய்விட்டது. வாழைத்தார் ஏற்றும் சின்ன வண்டியில் இலைச் சருகைப் பரப்பி ரஞ்சிதாவைப் படுக்க வைத்து நாமக்கல்லுக்குக் கொண்டு போனார்கள். வழி நெடுக அந்தக் காலை மடியில் அசையாமல் பிடித்துக்கொண்டு வந்தாள் அக்சிலியா. ரஞ்சிதா மறுபக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு வந்தாள். கலையரசன் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.

"யாராவது இழுத்தாங்களா? மிதிச்சாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"மிதிக்கச் சொன்னமுங்க. இந்தப் புள்ளதானுங்க கடைசி வரைக்கும் மிதிக்கவே இல்ல" என்று கலையரசன் புகார் சொன்னார்.

டாக்டர் கட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நல்லவேளை என்று மட்டும் சொல்லிவிட்டு ஆபரேஷனுக்கு எழுதினார்.

ஒரு வாரம் கழித்துப் பார்க்கப் போனாள். ரஞ்சிதா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "அப்பறமா வா சாமி, இப்ப வேண்டாம்" என்று அவளுடைய அம்மா வாசல் வரை வந்து சொன்னாள். முதல் வாரம் என்ன, ஆறாவது வாரம் என்ன, எப்போது ஊன்றலாம், எப்போது குதிக்கலாம் என்று நாலு பக்கம் எழுதி வைத்திருந்த காகிதத்தை அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்குப் பதில் வரவில்லை.

கடிதம் வந்தது. பாலசுந்தரம் மூன்று நாள் யோசித்து எழுதியிருந்தார். 'கால் முந்திப் பிறந்தவர் என்ற உறுதியின் பேரில் இவரை அணியில் சேர்த்துக்கொண்டோம். சீசன் முழுவதும் ஒருவரைக்கூட மிதிக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் பயிற்சியாளராகிய நானும், வீராங்கனையும், ஊர்ப் பொதுமக்களும் பலமுறை கேட்டுக்கொண்டும், அடிபட்டவரை மிதிக்க மறுத்து, காலைக் கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். இவர் சொன்ன பேச்சுக் கேட்கிறவர் அல்ல என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.' கீழே கையெழுத்து, தேதி, முத்திரை எல்லாம் சரியாக இருந்தன.

பிரபாகர் சார் இரண்டு முறை படித்தார். பயிற்சியாளர் கடிதம் வேண்டும் என்றுதான் விதி இருக்கிறது, நல்ல கடிதம் வேண்டும் என்று இல்லை என்று சொல்லிக் கோப்பில் வைத்தார். அதன் நகலோடுதான் அவள் அகாடமிக்குப் போனாள். வேறு காகிதம் அவளிடம் இல்லை.

அகாடமித் தலைவி வள்ளியாத்தாள் ஒரு காலத்தில் நீளம் தாண்டியவர். கடிதத்தைப் படிக்கும்போது அவர் உதடு துடித்தது. கோபமா, சிரிப்பா என்று தெரியவில்லை.

"இதுல இருக்கறது நெசமா?"

"ஆமாங்க மேடம்."

"எத்தன பேரு நின்னாங்க?"

"ஊரே நின்னுச்சுங்க."

"பயமா இல்லையா கண்ணு?"

"இருந்துச்சுங்க."

வள்ளியாத்தாள் எழுந்து ஜன்னலுக்குப் போனார். நடக்கும்போது அவருடைய ஒரு முழங்கால் மடங்கவில்லை. "இருபத்தி ரெண்டு வயசுல என்ற முட்டிய ஒருத்தன் நல்லதுக்குன்னு இழுத்து உட்டான்" என்று கீழே மைதானத்தைப் பார்த்தபடி சொன்னார். "திங்கக்கெழமை வந்துரு."

அங்கே நாற்பது பெண்கள். அவர்கள் யாருக்கும் அவள் எப்படிப் பிறந்தாள் என்று தெரியாது. அவளும் சொல்லவில்லை. காயம் பட்டால் வருகிறார்கள், குணமானால் ஓடிவிடுகிறார்கள். மாலையில் மைதானம் காலியான பிறகு டேப் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு கடைசியாக அறைக்குப் போவது அவள்தான்.

பதினோரு மாதம் கழித்து, கரூர்ப் பக்கம் ஏதோ ஊர்த் திருவிழாக் கபடியின் வீடியோ ஒன்று அவள் போனுக்கு வந்தது. யார் யாரோ கைமாற்றி அனுப்பியது. ரஞ்சிதா பாடிக்கொண்டு போனாள், மூலையில் காலை நீட்டினாள், பின்வாங்கினாள். இடது குதிகால் தரையை விட்டு முழுதாக எழும்பியது. பாதம் வெளியே திரும்பவில்லை. கெண்டைச் சதை வலதை விடக் கொஞ்சம் மெலிவு, அது போகப் போகச் சரியாகிவிடும். நாலு பக்கக் காகிதத்தில் கடைசி வரி வரை செய்திருந்தால்தான் அப்படி உந்த முடியும்.

ஆள் இல்லாத அறையில் உட்கார்ந்து அவள் அதைப் பதினைந்து இருபது தடவை போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு குதிகாலைத்தான் பார்த்தாள். ரஞ்சிதா புள்ளி எடுத்தாளா, பிடிபட்டாளா என்று யாராவது கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.